பழைய மரச் சாமி வாங்குகிறீர்களா? முதலில் முதுகைப் பாருங்கள்

என் வீட்டுக் கூடத்தில் ஒரு நர்த்தனப் பிள்ளையார் இருக்கிறார். ஒன்றரை அடி உயரம். ஏதோ ஒரு பழைய தேரிலிருந்து கழற்றிய பொம்மை. சிங்கப்பூரில், அங் மோ கியோவில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் 2011இல் வாங்கினேன். வந்த அன்றே ஆர்வக் கோளாறில் ஈரத்துணியால் துடைத்தேன். துணியில் சிவப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. அழுக்கு போகிறது என்ற சந்தோஷத்தில் இன்னும் அழுத்தித் தேய்த்தேன். மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தால், இடது காது மடலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த பழைய வண்ணம் சுத்தமாகப் போயிருந்தது. மழைக்கும் வெயிலுக்கும் கப்பல் பயணத்துக்கும் தப்பித்த வண்ணம் அது. ஐந்து நிமிடத்தில் கழுவிவிட்டேன்.

அதற்கப்புறம் யார் மரச் சாமி வாங்கினாலும் முதல் ஒரு மாதம் ஒன்றும் செய்யாதீர்கள் என்றுதான் சொல்லி வருகிறேன். இது முதல்முறை வாங்குகிறவர்களுக்காகவும், தாத்தா வீட்டுப் பரணிலிருந்து ஒன்று திடீரென்று கைக்கு வந்து சேர்ந்தவர்களுக்காகவும் எழுதியது.

கடைக்குப் போகும் முன்

முதலில் கண்ணைப் பழக்குங்கள். கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்துக்குப் போய் அங்குள்ள செட்டிநாட்டு வாசல்நிலையின் முன்னால் அரைமணி நேரம் நில்லுங்கள். கைவேலை என்றால் என்னவென்று அது சொல்லித்தரும். இடப்பக்க உருவமும் வலப்பக்க உருவமும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் அச்சடித்ததுபோல இருக்காது. அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. எம்பிரஸ் பிளேஸில் ஆசிய நாகரிக அரும்பொருளகமும் இருக்கிறது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இரண்டு இடத்திலும் அனுமதி இலவசம்.

சுங்கை ரோடு திருட்டுச்சந்தை இருந்த காலத்தில் தரையில் விரித்த தார்பாய் மேலேயே இந்த மாதிரிப் பொருள்கள் கிடக்கும். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அது மூடிவிட்டது. இப்போது சைனாடவுன், டெம்ப்சி பக்கம் இருக்கும் பழம்பொருள் கடைகள், கரோசல் இணையச் சந்தை, வீடு காலி செய்பவர்கள், இவைதான் வழி. கரோசலில் படத்தைப் பார்த்தே பணம் அனுப்பிவிடாதீர்கள். நேரில் போய்க் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க முடியாத மரச் சிற்பத்தை நான் வாங்குவதில்லை.

முதுகு

விற்பவர் முகத்தைத்தான் காட்டுவார். விளக்கு வெளிச்சமும் முகத்தின் மேல்தான் விழும். நீங்கள் முதுகைக் காட்டச் சொல்லுங்கள்.

தேர்ப் பொம்மைகள் பெரும்பாலும் புடைப்புச் சிற்பங்கள். தேரின் மரச்சட்டத்தில் பொருத்துவதற்காகச் செய்தவை என்பதால் முதுகு தட்டையாக இருக்கும். யாரும் பார்க்கப்போவதில்லை என்று ஆசாரி அதை இழைக்காமலே விட்டிருப்பார். வாய்ச்சியால் (மரம் செதுக்கும் கருவி) கொத்திய தழும்புகள் ஆழமும் அகலமும் மாறி மாறிப் பள்ளம் பள்ளமாகத் தெரியும். விரலால் தடவினாலே தெரியும். அதற்குப் பதிலாக வில் வில்லாக, சம இடைவெளியில் கோடுகள் ஓடினால் அது வட்ட ரம்பத்தில் அறுத்த பலகை. சாமிக்கு எத்தனை வயது சொன்னாலும், பலகைக்கு அந்த வயது இருக்க வாய்ப்பில்லை.

பொருத்தின அடையாளமும் இருக்க வேண்டும். கழுந்து (துளையில் செருகும் முனை), துளை, அல்லது ஆணி இருந்த இடத்தில் துரு ஊறிக் கறுத்துப்போன வட்டம். கொல்லர் அடித்த பழைய ஆணி சதுரமாக இருக்கும், தலை கோணலாக இருக்கும். உருண்டையான கம்பி ஆணி பின்னாளையது. ஆனால் ஒன்று: பழைய பொம்மையைப் பின்னால் யாராவது புது ஆணி போட்டு ஒட்டியிருக்கலாம். ஆகவே ஆணியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

என் பிள்ளையாரின் முதுகில், இடுப்புக்கு நேரே, உளியால் ௭ (தமிழ் எண் ஏழு) என்று கீறியிருக்கிறது. தேரைப் பிரித்துத் திரும்பக் கோக்கும்போது இடம் மாறிவிடக்கூடாதே என்று தச்சர் போட்ட எண் என்று நினைக்கிறேன். முகத்தில் எவ்வளவோ அழகு இருந்தும், அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் எனக்கு வாங்கத் தோன்றியது.

அடுத்தது தேய்மானம். கை படும் இடங்கள்தான் தேயும்: பாதம், முழங்கால், துதிக்கை நுனி. கை நுழையாத இடுக்குகளில் உளியின் கூர்மை அப்படியே இருக்கும். எல்லா இடமும் ஒரே அளவில் மழுங்கியிருந்தால் அது கம்பித் தூரிகையின் வேலை.

உளுத்த துளைகளைக் காட்டி "பாருங்கள், எவ்வளவு பழசு" என்பார்கள். புது மரத்தையும் வண்டு துளைக்கும், அது வயதுச் சான்றிதழ் அல்ல. துளை இயற்கையானதா என்று மட்டும் ஒரு ஈர்க்குச்சியை வைத்துப் பாருங்கள். வண்டு போன வழி உள்ளே வளைந்து திரும்பும், ஈர்க்கு கொஞ்சதூரத்தில் நின்றுவிடும். நேராகக் கிணறு மாதிரி இறங்கினால், வண்டு ட்ரில்லர் வைத்திருந்தது என்று அர்த்தம்.

வட்டப் பீடம் இருந்தால் இரண்டு பக்கமாக அளந்து பாருங்கள். மரம் நார் ஓடும் திசையில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். பல காலம் உலர்ந்த வட்டம் இலேசாக முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். அப்புறம் மோந்து பாருங்கள். ஷூ பாலிஷ், வார்னிஷ், தேயிலைச் சாயம் வாசனை வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். பத்துப் பதினைந்து வெள்ளிக்கு ஒரு புற ஊதா டார்ச் கிடைக்கும். இருட்டில் அடித்தால் அரக்கு வார்னிஷ் ஆரஞ்சாக ஒளிரும், புதுப் பசை பெரும்பாலும் நீலவெள்ளையாகத் தெரியும். ஒட்டுவேலை எங்கே நடந்திருக்கிறது என்பது அப்படியே படம் போட்டதுபோல வரும்.

மரம் என்ன மரம் என்பதைப் பார்த்ததும் சொல்ல எனக்கும் வராது. தேர்களுக்கு இலுப்பை, வேங்கை, தேக்கு ஆகியவற்றைப் பயன்படுத்துவார்கள். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் வாகையில் செதுக்குகிறார்கள். அந்த ஊர் மரச் சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழசாக்கிய போலிக்கு 800 வெள்ளி கொடுப்பதைவிட அரும்பாவூரிலோ தம்மம்பட்டியிலோ புதிதாக, நேர்மையாகச் செய்த சாமியை வாங்குவது எவ்வளவோ மேல். இதைச் சொன்னால் பழம்பொருள் பிரியர்கள் என்னை ஒருமாதிரிப் பார்க்கிறார்கள், பரவாயில்லை.

நம் சாமி மட்டுமல்ல

சிங்கப்பூரில் மரச் சாமி என்றால் சீனத் தெய்வங்கள்தான் அதிகம் கண்ணில் படும். அவற்றின் முதுகில் சின்ன மூடி ஒன்று இருக்கலாம். பிரதிஷ்டை செய்யும்போது உள்ளே பொருள்களை வைத்து அடைத்த இடம் அது. ஆர்வத்தில் அதை நெம்பித் திறக்காதீர்கள். வீடு மாறுபவர்கள் இந்த மாதிரிச் சாமிகளை மரத்தடியில் விட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றையும் எடுத்து வராதீர்கள். குப்பை என்று போட்டதல்ல, ஒப்படைத்துவிட்டுப் போனது.

கோவா, பிலிப்பீன்ஸ் பக்கத்துப் பழைய மாதா, புனிதர் உருவங்களில் உடல் மரமாகவும் முகமும் கைகளும் தந்தமாகவும் இருப்பதுண்டு. 2021 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூருக்குள் யானைத் தந்தப் பொருளை விற்பதும், விற்பனைக்குக் காட்சிக்கு வைப்பதும் தடை. வீட்டில் இருக்கும் பாட்டியின் மாதாவை யாரும் பிடுங்கிக்கொண்டு போகமாட்டார்கள், ஆனால் கரோசலில் போட்டுவிடாதீர்கள்.

காகிதம்

இந்தியாவிலிருந்து கொண்டுவர நினைப்பவர்களுக்கு இதுதான் முக்கியம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருடமோ அதற்கு மேலோ ஆன சிற்பம் தொல்பொருள். தனி ஆள் அதை நாட்டைவிட்டு வெளியே எடுத்துப்போக முடியாது. அதற்கும் குறைந்த வயது என்றால், இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பழையதுபோலத் தெரிந்தாலே விமான நிலையத்தில் நிறுத்துவார்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள் உண்டு. எந்த ஊரிலானாலும் ஒரு கடைக்காரர் "அண்ணே, இது 150 வருசத்து சாமி, சிங்கப்பூருக்குத் தாராளமா அனுப்பலாம், ஒரு பிரச்சினையும் வராது" என்று சொன்னால், வயது, அனுப்பலாம் என்பது, இரண்டில் ஒன்றேனும் பொய். இரண்டும் பொய்யாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

இது சட்டப் பயமுறுத்தல் மட்டுமல்ல. கோயிலிலிருந்து திருடிய சிலைகள் நம் ஊர்வரை வந்திருக்கின்றன. ஆசிய நாகரிக அரும்பொருளகமே 2007இல் நியூயார்க் வியாபாரி ஒருவரிடம் 6,50,000 அமெரிக்க டாலருக்கு வாங்கிய உமா பரமேஸ்வரி செப்புச்சிலையை, திருட்டு என்று தெரியவந்ததும் இந்தியாவுக்குத் திருப்பிக் கொடுத்தது. நிபுணர்கள் இருக்கும் நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால் நாம் எம்மாத்திரம்? இப்படிப் பல சிலைகளைக் கண்டுபிடிக்க உதவியது, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல வருடங்களாகக் கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள். ஆகவே விற்பவரிடம் கேளுங்கள்: இது உங்களிடம் எப்படி வந்தது? எந்த வருடம்? பழைய படம் இருக்கிறதா? மழுப்பினால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

செம்மரத்தில் செய்த சாமி என்றால் தனிச் சிக்கல். செம்மரம் அழிந்துவரும் உயிரினங்களுக்கான அனைத்துலக ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. இங்கே அதைப் பார்த்துக்கொள்வது தேசியப் பூங்காக் கழகம். அனுமதி இல்லாமல் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

வரி: வெளிநாட்டில் 48 மணி நேரமோ அதற்கு மேலோ இருந்துவிட்டுத் திரும்பினால் 500 வெள்ளி மதிப்பு வரை பொருள் சேவை வரி கிடையாது. குறைவாக இருந்தால் 100 வெள்ளி. அதற்கு மேல் போவதற்கு 9 விழுக்காடு. வேலை அனுமதிச் சீட்டு, மாணவர் அனுமதி போன்றவற்றில் இங்கே இருப்பவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களாகவே போய்ச் சொல்லிவிடுங்கள்.

முதல் மாதம்: தனிமைப்படுத்தல்

கோவிட் காலத்தில் நாம் எல்லாரும் பழகியதுதான். வீட்டுக்கு வந்த சாமியை நேராகப் பூஜை அலமாரியில் வைக்காதீர்கள். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் அலமாரி, கதவு நிலை, கட்டில் எல்லாம் மரம். வண்டு ஒன்றில் வந்தால் எல்லாவற்றிலும் இறங்கும்.

ஒரு கறுப்புக் காகிதத்தை விரித்து அதன்மேல் சாமியை வையுங்கள். சுற்றிலும் தெளிவான பிளாஸ்டிக் பை ஒன்றைத் தளர்வாகப் போட்டு வாயைக் கட்டுங்கள். வாரம் ஒருமுறை காகிதத்தைப் பாருங்கள். அரிசிமாவு மாதிரி நுண்ணிய பொடி விழுந்திருந்தால் உள்ளே வண்டின் புழு வேலை செய்கிறது. பொடியாக இல்லாமல் மணி மணியாக, கசகசா போல விழுந்தால் அது உலர்மரக் கறையான். (சிங்கப்பூரில் கசகசாவுக்குத் தடை, ஆகவே இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் ரவையை நினைத்துக்கொள்ளலாம்.) பழைய துளையிலிருந்து பழைய பொடி ஆட்டத்தில் உதிரவும் செய்யும். அதனால் முதல் வாரப் பொடியைத் தட்டிவிட்டு, அடுத்த வாரமும் விழுகிறதா என்று பாருங்கள். விழுகிறதென்றால் பூச்சி உயிரோடு இருக்கிறது. புழு மரத்துக்குள் மாதக்கணக்கில், சில வகை வருடக்கணக்கில் இருக்கும் என்பதால், ஒரு மாதம் கழித்து வெளியே எடுத்த பிறகும் கொஞ்ச நாள் கண்காணியுங்கள்.

உயிரோடு இருந்தால் என்ன செய்வது? வண்ணமே இல்லாத, வெறும் மரச் சிற்பம் என்றால் உறையவைக்கலாம். தடித்த பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒட்டி, வீட்டு உறைபெட்டியில் இரண்டு வாரம். எடுத்த பிறகு ஒரு முழுநாள் பையைத் திறக்கவே கூடாது. திறந்தால் நம் ஊர் ஈரக்காற்று குளிர்ந்த மரத்தின் மேல் தண்ணீராகப் படியும். வண்ணமோ சுதைப்பூச்சோ தங்கரேக்கோ இருந்தால் இதைச் செய்யாதீர்கள், உரிந்துவிடும். அதற்கு ஆக்சிஜனை நீக்கிப் பூச்சியைச் சாகடிக்கும் முறை உண்டு, அது பாதுகாப்பு வல்லுநர் செய்ய வேண்டிய வேலை. மண்ணெண்ணெய் ஊற்று, வேப்பெண்ணெய் தடவு, ஸ்ப்ரே அடி என்று சொல்பவர்கள் நிறையப் பேர். தலையாட்டிவிட்டு வாருங்கள், செய்யாதீர்கள்.

எங்கே வைப்பது

சிங்கப்பூரில் விடிவதற்கு முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழை இல்லாத நாளில் மதியம் 60க்கு இறங்கும். மரம் தினமும் கொஞ்சம் ஊதி, கொஞ்சம் சுருங்குகிறது. அது மெதுவாக நடந்தால் பாதகமில்லை. ஏர்கான் நேர் எதிரே வைத்து, இரவெல்லாம் உலர்த்தி, பகலெல்லாம் நனைத்தால்தான் பிளக்கும். ஆகவே ஏர்கான் காற்று, சன்னல் வெயில், சமையல் ஆவி மூன்றும் படாத உட்சுவர்தான் நல்ல இடம். வெளிச்சுவரை ஒட்டி வைத்தால் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

செய்யவே கூடாத இரண்டு. ஒன்று, பாம் ஷெல்டர், அதாவது வீட்டோடு சேர்த்துக் கட்டிய குண்டுக் காப்பறை. பழைய சூட்கேஸ், தீபாவளி விளக்கு, எல்லாவற்றையும் அங்கேதான் தள்ளுகிறோம். காற்றோட்டமில்லாத அந்த அறையில் மரச் சாமிக்கு வெள்ளைப் பூசணம் பூக்க அதிக நாள் ஆகாது. இரண்டு, கேமரா வைக்கும் உலர்பெட்டி. 40 விழுக்காட்டுக்குக் கொண்டுபோய்விடும் அது. பல காலம் ஈரக் காற்றில் இருந்த மரத்தைத் திடீரென்று அதற்குள் வைத்தால், ஒருநாள் இரவில் "டக்" என்று சத்தம் கேட்கும். எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் கேட்டது. முகத்தில் நெற்றியிலிருந்து தாடைவரை பிளவு.

பத்து வெள்ளிக்கு ஈரப்பதமானி ஒன்று வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். அதன் எண் பெரிதாக ஆடாமல் நின்றால் போதும்.

துடைப்பது

இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் செய்ய வேண்டியது குறைவு. ஒப்பனைக்குப் பயன்படும் மென்மையான தூரிகை, ஒரு கையில் வேக்குவம், அதன் வாயில் மெல்லிய துணி கட்டியது. தூசியைத் தூரிகையால் வேக்குவத்தின் பக்கம் தள்ளுங்கள். அவ்வளவுதான். தண்ணீர் வேண்டாம், தேங்காயெண்ணெய் வேண்டாம், ஃபர்னிச்சர் பாலிஷ் வேண்டவே வேண்டாம். எண்ணெய் முதல்நாள் பளபளக்கும், மூன்று மாதத்தில் பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும், அப்புறம் அதை எடுக்க முடியாது.

மாஸ்க் போடுங்கள். பழைய வண்ணங்கள் சாதுவானவை அல்ல. சாதிலிங்கச் சிவப்பில் பாதரசம், அரிதார மஞ்சளில் ஆர்செனிக், வெள்ளையில் ஈயம் இருக்கக்கூடும். உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது சிற்பத்துக்கும் கேடு, உங்கள் நுரையீரலுக்கும் கேடு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கும்பிடலாமா

என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. அக்காமார்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "தம்பி, உடைஞ்ச சாமிய வீட்ல வெச்சா ஆகுமா?" மூலவராகப் பிரதிஷ்டை ஆன படிமம் பின்னமானால் பூஜைக்கு ஆகாது என்பது பொதுவான வழக்கு. தேர்ப் பொம்மை மூலவர் அல்ல, தேரை அலங்கரித்த உருவம். நான் ஒரு பூவை முன்னால் வைக்கிறேன், அதோடு சரி. சந்தேகம் இருந்தால் நீங்கள் போகும் கோயில் குருக்களிடம் கேளுங்கள், என்னைவிட அவர் சொல்வது உங்கள் மனத்துக்குச் சமாதானம்.

பூஜை செய்வதென்றால் அபிஷேகம் மட்டும் நேராக வேண்டாம். நனையக்கூடாத உருவங்களுக்கு எதிரே கண்ணாடி வைத்து, அதில் விழும் பிம்பத்துக்கு அபிஷேகம் செய்யும் வழக்கம் நம்மிடமே உண்டு. எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள்! "அத்திவரதர் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறாரே" என்று யாராவது கேட்பார்கள். காஞ்சிபுரத்தில் குளத்துக்குள் 40 வருடம் இருந்துவிட்டு 2019இல் 48 நாள் வெளியே வந்தார், அத்திமரம்தான். ஆனால் எப்போதும் முழுக்க முழுகிக் கிடக்கும் மரத்துக்கு ஆக்சிஜன் எட்டுவது குறைவு, பூஞ்சைக்கு அங்கே வாழ்வது கடினம். மரத்தைக் கெடுப்பது நனைவதும் காய்வதும் மாறி மாறி வருவதுதான். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவது அந்த ரகம்.

விளக்கைச் சாமிக்கு நேர் கீழே வைக்காமல் ஓரடி முன்னால் தள்ளி வையுங்கள். சாம்பிராணி போடுகிற நாளில் சன்னலைத் திறந்துவிடுங்கள். குங்குமம், சந்தனத்தை மரத்தில் அப்பாமல் முன்னால் ஒரு தட்டில் வையுங்கள்.

கடைசியாகப் படம் எடுங்கள்

நான்கு பக்கமும், அடியிலும், முதுகிலும். பக்கத்தில் ஒரு அளவுகோல் தெரியட்டும். இன்னொரு முறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எடுங்கள். உளித் தடங்கள், விரிசல்கள் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். எங்கே, யாரிடம், எப்போது, எவ்வளவுக்கு என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அதே கோணத்தில் மறுபடி எடுத்தால் விரிசல் வளர்ந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

என் பிள்ளையாரோடு அந்தப் பெரியவர் ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் கொடுத்தார். தன் அப்பா 1938இல் ரஜூலா கப்பலில் வந்தபோது கொண்டுவந்த சாமி என்றும், படம் ஐம்பதுகளில் சிராங்கூன் ரோட்டு வீட்டில் எடுத்தது என்றும் சொன்னார். படத்தில் அவருடைய அம்மா முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் சுவரோரம் பிள்ளையார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இடது காதுக்குப் பின்னால் கொஞ்சம் கறுப்பாகத் தெரிகிறது. நான் துடைத்தெடுத்த சிவப்பு அதுதான். அந்தப் படத்தை ஒரு உறையில் போட்டு, மரத்தில் ஒட்டாமல், சாமிக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறேன்.